கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்த ஈரம்

போன மாதம் என் காருக்குப் பதினைந்து வயது முடிந்தது. பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று, நான் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த அதே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஓசூர் பாகலூர் ரோட்டில் இருக்கிறது. நான் ஓய்வு பெற்று மூன்று வருடம்தான் ஆகிறது. முன்மேசையில் என் நாற்காலியில் இப்போது நந்தினி என்று ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கையில் டேப்லெட்டோடு வந்து வண்டியை நான்கு பக்கமும் போட்டோ எடுத்தாள். எத்தனை கிலோமீட்டர், எந்த வருடம் என்று தட்டினாள். அரை நிமிஷத்தில் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: மாற்றுவது நல்லது.

அவளுக்கே சங்கடமாகப் போய்விட்டது. "இது எல்லாருக்கும் இப்படித்தான் மேடம் சொல்லும், நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. உங்க காலத்துல ரிப்பேரா, மாத்தறதான்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?" என்றாள்.

'உங்க காலம்' என்றதும் சுருக்கென்றது. மூன்றே வருடத்தில் என் காலம் வேறு, அவள் காலம் வேறு ஆகிவிட்டதாம். சரி, கேட்டுவிட்டாள். வாயால் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன் என்று எழுதி வைக்கிறேன்.

நான் கல்லாவியில் பிறந்தவள். கல்யாணமாகி மூக்கண்டப்பள்ளிக்கு வந்தேன். வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. பன்னிரண்டாம் வகுப்பும் டைப்பிங்கும் முடித்திருந்ததால் ஒர்க்‌ஷாப்பில் ஜாப் கார்டு எழுதும் வேலை கிடைத்தது. எந்த வண்டி, என்ன குறை, எப்போது வேண்டும் என்று எழுதி உள்ளே அனுப்பவேண்டும், அவ்வளவுதான். வருகிறவர்களில் பாதிப்பேர் தெலுங்கு, கால்வாசி கன்னடம். குறையைக் கேட்டு எழுதியே இரண்டு பாஷையும் வந்துவிட்டது. கிளட்ச் தேய்ந்த வண்டி வாசலில் நுழையும்போதே சத்தத்தில் தெரிந்துவிடும் அளவுக்குக் காதும் பழகியது. நாலைந்து வருடம் கழித்து அட்வைசர் என்று பதவி கொடுத்து ஒரு நீலக் கோட்டும் கொடுத்தார்கள். கோட்டு எனக்குப் பெரிது. கடைசிவரை மாற்றித் தரவில்லை.

மேனேஜர் பசவராஜ் சார். அத்திப்பள்ளியில் இருந்து தினமும் வருவார். வெள்ளைச் சட்டையோடு சர்வீஸ் குழிக்குள் இறங்கி, ஒரு கறை இல்லாமல் ஏறி வருவார். அது எப்படி என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கியதில்லை. கோபம் வந்தால் மற்ற மேனேஜர்கள் கத்துவார்கள், இவர் குரலைத் தணிப்பார். குரல் கேட்கவே இல்லை என்றால் பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

பழைய வண்டியைக் கொண்டுவந்து, "இதுக்குச் செலவு பண்ணலாமா, தள்ளிவிட்டுடலாமா சார்?" என்று யார் கேட்டாலும் அவர் முதலில் வண்டியைப் பார்க்க மாட்டார். "காலி பண்ணுங்க" என்பார். ஷெட்டில் ஒரு நீள பெஞ்சு இருந்தது. வண்டிக்குள் இருக்கும் சாமான் எல்லாவற்றையும் சொந்தக்காரரே எடுத்து அதில் அடுக்கவேண்டும். சீட்டுக்கு அடியில், டிக்கியில், டேஷ்போர்டு பெட்டியில், ஒன்றும் விடக்கூடாது. சார் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். டிக்கி நிறைய புத்தகம் வைத்திருந்த வாத்தியார் உண்டு. தன் வண்டிக்குள்ளேயே தொலைத்த பல் செட்டை அந்த பெஞ்சில்தான் ஒரு பெரியவர் கண்டுபிடித்தார். "இந்த வண்டி என்ன வேலை செய்யுதுன்னு அவங்க வாய் சொல்லாதும்மா, பெஞ்சு சொல்லும்" என்பார் சார்.

அப்புறம் குழி. வண்டியைக் குழிக்கு மேல் நிறுத்தி, யாராவது ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, கீழே சார் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். சக்கரம் தொங்கும் நான்கு இடம், ஜாக்கி வைக்கும் இரண்டு இடம், ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே ஓர் இடம், ஆக ஏழு. நல்ல இரும்பு 'டங்' என்னும். அரித்த இரும்பு 'டொப்' என்னும். சந்தேகம் வந்தால் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்ப்பார். நல்ல இடத்தில் வெள்ளைச் சாக்பீஸால் ஒரு கோடு, கெட்ட இடத்தில் சிவப்பு வட்டம். இன்ஜின், கியர்பாக்ஸ், ஏசி எல்லாம் அப்புறம்தான். அதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம், தரையை மாற்ற முடியாது என்பது அவர் கணக்கு.

கடைசியாக மூன்று கேள்வி. யார் ஓட்டப்போகிறார்கள்? எந்த ரோட்டில்? கூட யார் உட்காருவார்கள்? வண்டியின் வயதை அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. பதிலை அன்றைக்கே சொல்லவும் மாட்டார். "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார். கேட்ட வேகத்தில் தலையாட்டுகிறவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் வருத்தப்படுவார்கள் என்பார்.

இந்த முறையில் எனக்கு முழு நம்பிக்கை வந்தது ஒரு கோழியால். கெலவரப்பள்ளிப் பக்கம் இருந்து ஒரு விவசாயி, கிருஷ்ணாரெட்டி என்று பெயர், காரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார். நிறமே தெரியாத அளவுக்குச் செம்மண். சீட் கிழிந்து பஞ்சு தொங்கியது. ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் புகையாகக் கக்கியது. மெக்கானிக் எல்லாரும் ஒரே குரலில் எடைக்குப் போடச் சொல்லிவிட்டார்கள். நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு அதையேதான் நினைத்தேன். டிக்கியைத் திறந்ததும் ஒரு கோழி கத்திக்கொண்டு வெளியே குதித்தது. உள்ளே ஆறு முட்டை. "இங்கதான் வெக்கிறியா நீ! ஊரெல்லாம் தேடுறன்" என்று ரெட்டி அதை விரட்டிக்கொண்டு ஓடினார். ஷெட்டே சிரித்தது. சார் மட்டும் குழிக்குள் இறங்கித் தட்டினார். ஏழு இடமும் டங் டங் என்றது. ஏழும் வெள்ளைக் கோடு. வாங்கிய நாளில் இருந்து அந்த வண்டியின் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. மறுநாள் சார் ரிப்பேர் என்றார். இன்ஜினைப் பிரித்து மாட்டினோம். நான் ஓய்வு பெறும்வரை அந்த வண்டி தக்காளிக் கூடைகளோடு எங்கள் வாசலைக் கடந்துகொண்டுதான் இருந்தது.

இதைப் பார்த்த பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் ஆலைகள் எல்லாம் மெஷினைத் துடைத்துப் பொட்டு வைத்து நிறுத்திவிடும். வண்டி வைத்திருப்பவர்கள் முந்தின நாளே கழுவக் கிளம்பிவிடுவார்கள். அட்வைசர் ஆன புதிதில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பழைய வாடிக்கையாளர்களின் வண்டிகளை அன்றைக்கு நாமே இலவசமாகக் கழுவிக் கொடுத்தால் என்ன? வெளியே மட்டும் இல்லை, உள்ளேயும். நான்கு கதவையும் திறந்துவைத்து, பிரஷர் பைப்பால் மேலிருந்து கீழே அடித்து, சாமிக்குச் சுத்தமாக. சார் கொஞ்சம் யோசித்தார். நான் விடவில்லை. கையெழுத்துப் போட்டார். பூஜைக் குளியல் என்று பெயர் வைத்தோம். வரிசை கேட் தாண்டி நிற்கும். ஒன்பது வருடம் நடத்தினேன். அந்த நாளில் எனக்கு இருந்த மிதப்பு கொஞ்சநஞ்சம் இல்லை.

ஒவ்வொரு வருடமும் வரிசையில் முதலில் நிற்பது திம்மராயனின் வெள்ளைக் கார்தான். திம்மராயன் தொழிற்பேட்டையில் லேத் ஆபரேட்டர், மூக்கண்டப்பள்ளியில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் அப்பாவும் தாத்தாவும் ஊரில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். கார் வாங்கியதும் முதல் வேலையாக அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்து ஊருக்குள் ஓட்டிக்கொண்டு போனாராம். "எங்கப்பன் கண்ணாடிய ஏத்தவே விடல மேடம். எல்லாரும் பாக்கணும்னுட்டாரு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் காரில் யாரும் செருப்போடு ஏறக்கூடாது. வெளியே கழற்றி, கையில் எடுத்து, ஒரு பையில் போட்டுத்தான் உட்கார வேண்டும். எங்கள் மெக்கானிக்குகள்கூட டெஸ்ட் டிரைவுக்கு வெறுங்காலோடுதான் போவார்கள். வண்டியைக் கண்டபடி வைத்திருக்கும் வாடிக்கையாளர்களிடம் நான் அவர் காரைக் காட்டி, "பாருங்க, இப்படி வெச்சுக்கணும்" என்று பாடம் நடத்துவேன்.

ஒரு வருடம் பூஜை முடிந்த மூன்றாம் நாள் அவர் மகள் பவித்ராவோடு வந்தார். அவளுக்குக் கிருஷ்ணகிரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. தினமும் போய்வர வேண்டும், லாரியும் கன்டெய்னரும் போகும் நெடுஞ்சாலையில். புதிது வாங்கிக்கொள்ளலாம் என்கிறாள் மகள். அப்பாவுக்கு மனசு இல்லை. "பஸ்ஸுல நின்னுக்கினு போறதவிட, நான் கண்ணாட்டம் வெச்ச வண்டியில போனா எனக்கு நிம்மதி மேடம். இன்னும் பத்து வருஷம் ஓடும்னு சார் ஒரு வார்த்தை சொல்லட்டும். இவ நம்புவா" என்றார்.

பெஞ்சில் அடுக்கினார். செருப்புப் பை, துடைக்கிற துணி நான்கு, சாமி படம், அப்பாவின் பழைய துண்டு. அவ்வளவுதான். தூசிகூட விழவில்லை. சார் அந்தத் துணிகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் ரப்பர் மேட்டை எடுத்தேன். அடியில் இருந்த கார்ப்பெட்டில் கை பட்டது. ஈரம். கழுவி மூன்று நாள் ஆகிறது. கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு மேட்டை ஓரமாக வைத்தேன்.

வண்டி குழிக்கு மேல் நின்றது. "நீ ஏறி உக்காரும்மா, உன் வண்டிதான" என்று மகளை ஏற்றினார் திம்மராயன். வழக்கம்போல செருப்பைக் கழற்றிவிட்டு அவள் உட்கார்ந்தாள். கீழே சார் தட்ட ஆரம்பித்தார். டங். டங். ஜாக்கி வைக்கும் இடத்தில் சத்தம் மாறியது. ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே வந்ததும் டொப் என்றது. இன்னொரு தரம் டொப். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் சார் குரல் வந்தது, காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும் அளவுக்கு.

"காலைத் தூக்கி சீட்டு மேல வெச்சுக்கம்மா."

அவள் வைத்துக்கொண்டாள். ஒரு நொடி முன்பு அவள் குதிகால் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் கார்ப்பெட் மெல்ல உப்பியது. கிழிந்தது. ஸ்க்ரூடிரைவர் முனை ஓர் அங்குலம் வெளியே வந்து நின்றது. சார் பலமாகக் குத்தவே இல்லை, கையால் அழுத்தியதோடு சரி.

திம்மராயன் முகம் கறுத்துவிட்டது. "என்னா பண்றீங்க? நல்ல வண்டியக் குத்தி ஓட்டை போடறீங்க? எக்ஸ்சேஞ்சுல தள்ளினா உங்களுக்குக் கமிஷன், அதான?" என்று கத்தினார். ஷெட்டில் எல்லாக் கையும் நின்றது. "நான் இரும்புல வேலை செய்யறவன். ஒரு தகடு வெச்சு வெல்டிங் அடிங்க, தீர்ந்துச்சு!"

சார் மேலே வந்தார். வாதம் செய்யவில்லை. சுத்தியலை அவர் பக்கம் நீட்டினார். "நீங்க இரும்புக்காரர். நீங்களே பாருங்க. வெல்டிங் பிடிக்கறதுக்குச் சுத்தி நல்ல இரும்பு எங்க இருக்கோ, அங்க கோடு போடுங்க" என்று வெள்ளைச் சாக்பீஸையும் கொடுத்தார்.

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு இறங்கினார். மேலே நின்ற எங்களுக்குச் சத்தம் மட்டும்தான். டொப். டொப். கொஞ்சம் தள்ளி, டொப். முதலில் வேகமாகத் தட்டினார். போகப்போக வேகம் குறைந்தது. சீட் போல்ட் பக்கம் போனார், கதவடிக்குப் போனார், மறுபக்கம் போனார். முப்பது வருடம் இரும்பைக் கடைந்த காது, அதற்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கடைசிவரை சாக்பீஸ் சத்தம் வரவே இல்லை. பவித்ரா காலை மடக்கி சீட்டின் மேல் வைத்தபடியே, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திம்மராயன் ஏறி வந்தார். கண் சிவந்திருந்தது. சுத்தியலை பெஞ்சில் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கார்க் கதவைத் திறந்தார்.

"எறங்கும்மா" என்றார்.

நாளைக்கு வாங்க என்று சார் சொல்லவில்லை. அந்த ஒரு நாள்தான் அவர் தன் முறையை மீறியது. முடிவை அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

திம்மராயன் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "எப்பிடி சார்? செருப்புக் கால் படவிடல. மழையில நிறுத்தல. எப்பிடி அரிக்கும்?" என்று கேட்டார். சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். பழைய வண்டி, வயசாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் நம்பியிருப்பார். உண்மையை நான்தான் சொல்லவேண்டும் என்று சார் எனக்கே விட்டுவிட்டார்.

"நாங்கதாங்க கழுவினோம்" என்றேன். "பூஜைக்குப் பூஜை உள்ள தண்ணி அடிச்சோம். அது மேலதான் காஞ்சுது. கார்ப்பெட்டுக்கு அடியில நின்னுடுச்சு. ஒன்பது வருஷமா. அது என் யோசனைங்க. ஒரு தடவகூட நான் கார்ப்பெட்டத் தூக்கிப் பாக்கல."

"கையெழுத்து என்னது" என்றார் சார் பக்கத்தில் வந்து.

திம்மராயன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். துண்டையும் சாமி படத்தையும் எடுத்துக்கொண்டார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மகளோடு வாசலுக்குப் போய் ஆட்டோ பிடித்தார். போகும்போதுதான் பவித்ராவின் செருப்பு பையிலேயே கிடப்பதைப் பார்த்தேன். ஓடிப்போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "நல்லவேள, சொன்னீங்க" என்றாள் மெதுவாக.

அன்று மத்தியானம் சார் என் மேசைக்கு வந்து, "பூஜைக் குளியல் கார்டெல்லாம் எடும்மா" என்றார். எடுத்தேன். ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டேன். வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, கார்ப்பெட்டை உரித்து, வெயிலில் காயப்போட்டு, அரிக்க ஆரம்பித்த இடத்தில் சுரண்டி பெயின்ட் அடித்துக் கொடுத்தோம். சிலர் சிரித்தார்கள், சிலர் சத்தம் போட்டார்கள், இரண்டு பேர் மறுபடி வரவே இல்லை. திம்மராயன் காரைப் போல முற்றியது வேறொன்றும் இல்லை. அவர்தான் ஒரு வருடம்கூடத் தவறாமல் வந்தவர்.

அடுத்த வருடம் முழுக்க அவர் எங்கள் ஷெட் பக்கம் வரவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, ஆனாலும் எதிரே வந்தால் நான்தான் சந்து மாறிப் போவேன். ஆயுத பூஜை அன்று காலையில் நாங்கள் ஷெட்டைக் கூட்டிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சாம்பல் நிறக் கார் உள்ளே வந்தது. ஓட்டியது பவித்ரா, காலில் ஷூவோடு. பக்கத்தில் திம்மராயன், மடியில் பூசணிக்காய், கையில் செருப்பு. "போட்டுக்கோப்பா, எத்தன தடவ சொல்றது" என்று அவள் அதட்டினாள்.

"கழுவ வரல மேடம், பூஜைக்கு வந்தன்" என்றார் அவர் இறங்கி. அது புது வண்டி இல்லையாம். பெங்களூர் வரைக்கும் போய், பழைய கார் விற்கிற இடமெல்லாம் சுத்தியலோடு திரிந்து, ஏழு இடமும் தட்டிப் பார்த்து வாங்கியிருக்கிறார். இரண்டு இடத்தில் விரட்டி விட்டார்களாம். சொல்லிச் சிரித்தார். அப்புறம் முன்கதவைத் திறந்து கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, "கை வெச்சுப் பாருங்க" என்றார். காய்ந்து கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கம்கூடப் படவில்லை. சார் பூசணிக்காயை வாங்கிக்கொண்டு குங்குமம் கரைக்கப் போய்விட்டார்.

சார் இப்போது தும்கூர் பக்கம் மகனோடு இருக்கிறார். போனில் பேசினால் முதலில் என் வண்டியைத்தான் விசாரிப்பார். நந்தினி, உன் டேப்லெட்டின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. திம்மராயனின் வெள்ளைக் காரை நான்கு பக்கமும் போட்டோ எடுத்திருந்தால் அது நூற்றுக்கு நூறு கொடுத்திருக்கும், ரெட்டியின் காரைப் பார்த்து மயங்கி விழுந்திருக்கும். ஆனால் ஒன்பது வருடம் நானும் அப்படித்தான் மேலே பார்த்து மார்க் போட்டேன். அதனால் உன்னையோ அதையோ குறைசொல்ல எனக்கு வாய் இல்லை.

என் வண்டிக்கு என்ன முடிவு என்று கேட்பாய். நீ சொன்ன மறுநாள் திம்மராயனைக் கூப்பிட்டேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். சுத்தியலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வந்தார். வண்டியை எங்கள் சந்தில் இரண்டு செங்கல் வரிசை மேல் ஏற்றி நிறுத்தி, கீழே கோணியை விரித்து, முதுகைப் போட்டுப் படுத்தார். "ஏறி உக்காருங்க மேடம்" என்றார். உட்கார்ந்தேன். அவர் சொல்லாமலே காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டேன். இந்த வயதில் அது ஒரு வித்தை. வண்டியை விடவேண்டி வந்தால் விட்டுவிடுவேன் என்று வீட்டில் வீரமாகச் சொல்லியிருந்தேன். உள்ளே உட்கார்ந்ததும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கடைசியாக ஓட்டிய வண்டி அது.

முன்பக்கம் டங். டங். ஜாக்கி இடம், டங். பின்பக்கம் போனார், நிதானமாக ஒவ்வொன்றாக. எனக்குக் கீழே வந்ததும் சத்தம் நின்றது. டார்ச் வெளிச்சம் அசைவது மட்டும் தெரிந்தது. நான் கார்ப்பெட்டையே பார்த்தேன். ஒரு தட்டு. இன்னொரு தட்டு. மூன்றாவதாக ஒன்று, பலமாக.

"காலைக் கீழ வைங்க மேடம்" என்றார் திம்மராயன்.